நீலகிரி, பழனி மலைகளின் பெருமரங்கள்: தேடுவது, அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எங்கே போனாலும் யாராவது ஒரு பெரிய மரத்தைக் காட்டி "முந்நூறு வருஷம் இருக்கும்" என்பார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அளந்து, எப்படி அளந்தோம் என்பதையும் சேர்த்து எழுதி வைத்தால்தான் அடுத்து வருபவரால் அதைச் சரிபார்க்க முடியும். மரம் அளக்கக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பெரிய மரம் என்று எதை வைத்துச் சொல்வது? உயரமா, பருமனா?

அடிமரத்தின் சுற்றளவு, உயரம், கிளைகள் பரவியிருக்கும் அகலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான். அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஃபாரஸ்ட்ஸ்' என்ற அமைப்பு 1940-இல் ஒவ்வொரு இனத்திலும் மிகப் பெரிய மரம் எது என்று பட்டியல் வைக்கத் தொடங்கியது. அவர்கள் சுற்றளவை அங்குலத்திலும், உயரத்தை அடியிலும், கிளைப்பரப்பின் சராசரி அகலத்தில் நாலில் ஒரு பங்கை அடியிலும் எடுத்து, மூன்றையும் கூட்டிப் புள்ளி போடுகிறார்கள். 5 மீட்டர் சுற்றளவு, 30 மீட்டர் உயரம், 20 மீட்டர் கிளைப்பரப்பு உள்ள மரத்துக்கு 197, 98, 16 என்று கூட்டினால் 311 வரும்.

இந்தக் கணக்கில் சுற்றளவுக்குத்தான் பெரும் பங்கு என்பதைக் கவனியுங்கள். புள்ளி போடுவது போட்டிக்கு நல்லது. நம் மலைகளுக்கு மூன்று அளவுகளையும் தனித்தனியே எழுதி வைப்பதுதான் உபயோகம் என்பது என் கருத்து.

இன்னொன்று, ஒப்பிடும்போது இனத்துக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். 2 மீட்டர் சுற்றளவுள்ள கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சாலையோரம் எங்கும் நிற்கும். 2 மீட்டர் சுற்றளவுள்ள காட்டுப்பூவரசை (ரோடோடென்ட்ரான்) பார்த்தால் அங்கேயே நின்று டேப்பை எடுங்கள், அது ஒரு பெருமரம்.

தேட ஆரம்பிப்பது எங்கே? நடுக்காட்டுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். பெரிய மரங்களில் பாதி ஆட்கள் நடமாடும் இடத்திலேயே நிற்கின்றன. பழைய பங்களாக்கள், சர்ச் வளாகங்கள், கல்லறைத் தோட்டங்கள், கோயில் காடுகள், எஸ்டேட் எல்லைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-இல் மெக்ஐவர் கையில் உருவானது. குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-இல் வந்தது. அங்குள்ள மரங்களை யாரும் போய்ப் பார்க்கலாம், அளந்து பழகவும் நல்ல இடம், பெயர்ப்பலகையும் இருக்கும்.

சோலைக்காடு பார்க்க வேண்டுமானால் கோத்தகிரி லாங்வுட் சோலையும் கொடைக்கானல் ஊரை ஒட்டிய சோலைகளும் கிட்டே இருக்கின்றன. பழனி மலையில் என் விருப்பம் கீழ்மலைதான்: தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்கள். காபிக்கு நிழல் வேண்டும் என்பதற்காகக் காட்டு மரங்களை விட்டு வைத்தே தோட்டம் போட்ட இடங்கள் அங்கே இருக்கின்றன. பலா, சந்தன வேம்பு, நாவல், அத்தி வகைகள் நல்ல பருமனில் நிற்கும். கீழே காபிச் செடி இடுப்பு உயரத்தில் இருப்பதால் அடிமரம் தெளிவாகத் தெரியும், நுனியும் கண்ணில் படும். அடர்ந்த காட்டில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். தேன் எடுக்கப் போகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள், எஸ்டேட் வாட்ச்மேன்கள் ஆகியோருக்குத் தெரியாத பெருமரம் அந்த வட்டாரத்தில் இருக்காது. செயற்கைக்கோள் வரைபடங்களில் இப்போது காட்டின் உயரத்தையே நிறம் பிரித்துக் காட்டுகிறார்கள். ஆனால் சரிவு அதிகமான இடத்தில் அந்தக் கணக்கு பிசகும். நம் மலையில் சரிவு இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

சோலை மரங்கள் ஏன் குட்டையாக இருக்கின்றன? அவை பழைய மரங்கள் இல்லையா?

புதிதாக வருபவர்கள் ஏமாந்து போவது இங்கேதான். 1,800, 2,000 மீட்டருக்கு மேல் உள்ள சோலைகளில் மரங்கள் 20 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். தென்மேற்குப் பருவக்காற்று முகட்டில் நிற்கும் எதையும் மடக்கிவிடும். பள்ளங்களை ஒட்டிய புல்வெளியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், இளங்கன்று தப்பாது. அதனால் சோலை மரங்கள் மடிப்புகளில் ஒதுங்கி, தலையைச் சேர்த்து வைத்து, முறுக்கிக்கொண்டு வளர்கின்றன. அதே மலையில் ஆயிரம் மீட்டருக்கு இறங்கிப் பாருங்கள், 30, 40 மீட்டர் மரங்கள் நிற்கும்.

குட்டையாக இருப்பதால் இளமரம் என்று முடிவு கட்ட வேண்டாம். சோலை மரம் மிக நிதானமாகப் பருக்கும். தொடைப் பருமனே உள்ள ஒரு மரம், பக்கத்துச் சரிவில் நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத கற்பூர மரத்தைவிட மூத்ததாக இருக்கலாம். இந்த மலைகளில் கண்ணை நிமிர வைக்கும் உயரம் பெரும்பாலும் வந்தேறிகளுடையது, வயது பெரும்பாலும் குட்டையானவற்றுடையது. தேடுகிறவர் மனதில் இது இருந்தால் பாதை ஓரத்தில் தவறவிடுவது குறையும்.

அப்படியானால் மலையில் மிக உயரமானது கற்பூர மரம்தானா?

மேல்மலையில் பெரும்பாலும் அப்படித்தான். யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற இந்த நீல யூகலிப்டஸை 1843-இல் கேப்டன் காட்டன் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். பிறகு விறகுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டம் தோட்டமாக வைத்தார்கள். இதன் சொந்த ஊரான டாஸ்மேனியாவில் 80 மீட்டரைத் தாண்டிய மரங்கள் உண்டு. உறவுக்கார இனம் ஒன்று அங்கே 100 மீட்டரையே எட்டியிருக்கிறது.

அந்த 1843 நமக்கு ஒரு நல்ல கடிவாளம். நீலகிரியில் நிற்கும் எந்தக் கற்பூர மரத்துக்கும் அதற்கு மேல் வயது இருக்க முடியாது. அதே போல, அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறியது 1845-இல். அங்கே பங்களாத் தோட்டத்தில் நிற்கும் சைப்ரஸுக்கோ பைனுக்கோ யாராவது முந்நூறு வயது சொன்னால், தயங்காமல் மறுக்கலாம்.

சுற்றளவை எந்த உயரத்தில் எடுக்க வேண்டும்?

தரையிலிருந்து 1.37 மீட்டரில், அதாவது நாலரை அடியில். இந்திய வனத்துறையின் வழக்கம் இதுதான். வேறு பல நாடுகளில் 1.3 மீட்டர். எதில் எடுத்தாலும் அந்த உயரத்தை எழுதுங்கள். எழுதாத சுற்றளவால் பிரயோசனம் இல்லை.

சமதரையில் நேராக நிற்கும் மரத்துக்கு இவ்வளவு போதும். மலையில் அப்படி எத்தனை மரம் நிற்கிறது? சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து 1.37 மீட்டர் எடுக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்று எடுத்தால் டேப் கீழே இறங்கிவிடும், வேர்ப் பருமன் சேர்ந்து மரம் திடீரென்று பெருத்துவிடும். சாய்ந்த மரத்தில் சாய்வின் போக்கிலேயே உயரத்தை அளந்து, தண்டுக்குச் செங்குத்தாக டேப்பைச் சுற்றுங்கள். அந்த உயரத்தில் முண்டு, புடைப்பு இருந்தால் அதற்குக் கீழே தண்டு ஒடுங்கியிருக்கும் இடத்தில் எடுத்து, எத்தனை சென்டிமீட்டர் இறங்கினீர்கள் என்று குறியுங்கள். பலகை வேர் உள்ள மரத்தில் வேர் முடிந்து தண்டு உருளையாகும் இடத்துக்கு மேலே போக வேண்டும். ஏணி இல்லாமல் முடியாதென்றால், விட்டுவிட்டுப் படம் மட்டும் எடுங்கள். பலகை வேரைச் சுற்றி எடுத்த 12 மீட்டர், 15 மீட்டர் கணக்குகளை என்னால் ஏற்க முடியவில்லை. அது வேரின் விரிவைத்தான் சொல்கிறது.

சோலை மரத்தில் பாசி இன்னொரு சிக்கல். பாசியும் பெரணியும் ஆர்க்கிட் கிழங்குமாகச் சில தண்டுகள் உள்ளங்கை தடிமனுக்குப் போர்த்திக்கொண்டு நிற்கும். அதன் மேலேயே சுற்றினால் ஒரு சாண் வரைக்கும் சுற்றளவு கூடிவிடும். வழித்து எறிவதும் தப்பு, பல வருஷம் படிந்த ஈரம் அது. நான் செய்வது இப்படி: டேப்பின் நுனியை ஒரு வளைந்து கொடுக்கும் ஈர்க்கில் கட்டி, பட்டைக்கும் பாசிக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவேன். பாசி மெத்தை லேசாக எழும்பி, டேப் போனதும் பழையபடி அமர்ந்துகொள்ளும். அரை மணி நேரம் பிடிக்கும், விரல் விறைத்துப் போகும், ஆனால் கிடைப்பது மரத்தின் சுற்றளவு.

அடியிலேயே இரண்டாகப் பிரிந்த மரத்தை என்ன செய்வது?

பிரிவு தரைக்கு மேலே, ஆனால் 1.37 மீட்டருக்குக் கீழே இருந்தால் பிரிவுக்குக் கீழே மிக ஒடுங்கிய இடத்தில் எடுங்கள். தரையிலேயே பிரிந்திருந்தால் அவை இரண்டு தண்டுகள், தனித்தனியே எழுதுங்கள். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த கற்பூர மரங்கள் ஒட்டி வளர்ந்து ஒரே மரம் போலத் தெரியும். தண்டின் மேல் மேலிருந்து கீழ் ஓடும் மடிப்பில் பட்டை உள்ளே செருகியிருந்தால், ஒட்டிய மரம் என்று சந்தேகப்படுங்கள்.

ஆல், அத்தி வகைகளுக்குச் சுற்றளவு என்பதே பாதி அர்த்தம்தான். வேறொரு மரத்தின் மேல் முளைத்து, வேரை இறக்கி, அதை நெரித்து, உள்ளே கூடாக நிற்பவை பல. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் விழுந்தது, விழுதுகளின் மேல் மரம் இன்றும் நிற்கிறது. இவற்றுக்குக் கிளைப்பரப்பை எழுதுவதே நியாயம்.

உயரத்தை எப்படி எடுப்பது?

எளிய வழி குச்சி. உங்கள் கை நீளத்துக்குச் சமமான குச்சியைக் கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் கீழ்நுனி அடிமரத்திலும் மேல்நுனி மரத்தின் உச்சியிலும் பொருந்தும் வரை பின்னால் போங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் உயரம். சமதரையில் இது நன்றாக வேலை செய்யும். சரிவில் செய்வதானால் மேலேயோ கீழேயோ போகாமல், மரத்தின் அதே மட்டத்தில் மலையைச் சுற்றினாற்போல நகர வேண்டும்.

அடுத்தது கோணமானி. மரத்திலிருந்து தூரத்தை அளந்து, உச்சிக்கு உள்ள கோணத்தை எடுத்து, டேன்ஜென்டால் பெருக்கி, கண் மட்டத்துக்குக் கீழே உள்ளதைக் கூட்டுவார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: உச்சி அடிமரத்துக்கு நேர் மேலே இருப்பதாக இந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது.

பாருங்கள். நீங்கள் 30 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு உச்சியாகத் தெரியும் கிளை உங்கள் பக்கம் 5 மீட்டர் நீட்டிக்கொண்டு, கண் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோணத்தின் டேன்ஜென்ட் 30-ஐ 25-ஆல் வகுத்தது, அதாவது 1.2. அதை 30-ஆல் பெருக்கினால் 36 வரும். கையில் எந்தப் பிழையும் இல்லாமல் 6 மீட்டர் கூடிவிட்டது! தலை அகன்ற மரங்களில் இப்படித்தான் நம்ப முடியாத உயரங்கள் பிறக்கின்றன.

இதற்கு மாற்று, லேசர் தூரமானி வைத்துச் செய்யும் சைன் முறை. உச்சிக்கே நேராக லேசரை அடித்துத் தூரமும் கோணமும் எடுக்கிறோம். உச்சிக்கு 40 மீட்டர், கோணம் 45 பாகை என்றால் 40-ஐ 0.707-ஆல் பெருக்க 28.3 மீட்டர். அடிமரத்துக்கு 30 மீட்டர், கீழ்நோக்கி 5 பாகை என்றால் 30-ஐ 0.087-ஆல் பெருக்க 2.6 மீட்டர். கூட்டினால் 30.9. கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் இது ஏமாற்றாது, சரிவும் பிரச்சினை இல்லை. இலைக்குள் லேசர் மாட்டிக்கொண்டால் அளவு குறையுமே தவிரக் கூடாது. அதனால் பல இடத்திலிருந்து அடித்து, கிடைத்ததில் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.

மொபைல் ஆப் போதுமா?

கோணம் எடுக்கப் போதும். மரத்துக்கு உள்ள தூரத்தை ஆப்பை நம்பாமல் டேப்பில் அளங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் லேசரும் வேலை செய்யாது, காத்திருக்க வேண்டியதுதான்.

டேப் எது நல்லது?

கண்ணாடி இழை டேப், 10 மீட்டர் போதும். கயிறு நனைந்தால் நீளம் மாறும். தையல் டேப் இழுத்தால் இழுபடும்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றளவை வைத்துச் சொல்ல முடியாதா?

சுற்றளவை ஏதோ ஓர் எண்ணால் வகுத்து வயது சொல்லும் பழக்கம் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அங்கே வளர்ச்சி ஒரு பருவத்தில் நின்று மறுபருவத்தில் தொடங்கும், ஓர் இனத்துக்கு ஓரளவு சராசரி உண்டு. இங்கே ஒரே இனம் ஓடைக்கரையில் ஒரு வேகத்திலும் முகட்டில் வேறு வேகத்திலும் பருக்கும்.

வளையம் எண்ணலாமா என்றால், தேக்கும் சந்தன வேம்பும் ஆண்டுக்கு ஒன்று என்று எண்ணத்தக்க வளையங்கள் போடும். முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் தேக்கு கோடையில் இலையைக் கொட்டி ஓய்வெடுப்பதுதான் காரணம். ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் சோலை மரங்களில் பெரும்பாலானவற்றில் வளையம் தெளிவாக விழாது. நிற்கும் மரத்தில் துளையிட்டு மாதிரி எடுப்பது ஆராய்ச்சியாளர்கள் அனுமதியோடு செய்யும் வேலை, நாம் செய்யக் கூடாது. பெருமரங்களின் நடுப்பகுதி பெரும்பாலும் உளுத்துக் கூடாகவும் இருக்கும், எண்ண வேண்டிய முதல் வளையங்கள் அங்கே இருக்காது. கார்பன் 14 முறைக்கும் இதே தடை உண்டு.

நம்மிடம் உள்ள நல்ல வழி ஆவணம். நட்டது எப்போது, பங்களா கட்டியது எப்போது, பழைய புகைப்படத்தில் அந்த மரம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஊர்க்காரர் நினைவும் ஆவணம்தான்: "எங்க தாத்தா சின்னப் பையனா இருக்கும்போதே இது இப்படித்தான் இருந்துச்சு" என்றால் அதை அப்படியே, யார் தலைமுறை என்பதோடு எழுதுங்கள். அதை முந்நூறு வருஷம் என்று மாற்றி எழுத வேண்டாம்.

கன்னிமாரா தேக்கைவிடப் பெரிய மரம் நம் பக்கம் உண்டா?

கன்னிமாரா நிற்பது கேரளத்தின் பரம்பிக்குளத்தில், நாம் பொள்ளாச்சி, டாப்ஸ்லிப் வழியாகப் போகிறோம். 1994-95-இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது பெற்ற மரம் அது. தேக்கில் அதோடு போட்டியிடுவது கஷ்டம். அதன் சுற்றளவு ஆறரை மீட்டர் என்றும் ஏழுக்கு மேல் என்றும் வெவ்வேறு இடங்களில் படிப்பீர்கள். எந்த ஆண்டு, எந்த உயரத்தில் எடுத்தது என்று பக்கத்திலேயே இருந்திருந்தால், வித்தியாசம் வளர்ச்சியா அளவுப் பிழையா என்று இன்று நமக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவு பேர்பெற்ற மரத்துக்கே இந்த நிலை.

அனுமதி வேண்டுமா?

காப்புக்காடு, முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா, 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் எல்லாவற்றுக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ட்ரோனுக்குத் தனியாக. எஸ்டேட்டில் மேனேஜரிடம் கேளுங்கள். தோடர் மந்து, கோத்தர் ஊர், படுகர் ஹட்டி ஆகியவற்றின் அருகே நிற்கும் மரத்தை ஊர்ப் பெரியவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கோயில் மரத்தில் சில இடங்களில் டேப் சுற்றுவதே ஆகாது, அங்கே உயரமும் கிளைப்பரப்பும் எட்ட நின்று எடுத்துக்கொள்ளலாம். பழனி மலையில் அங்குள்ள பழங்குடியினரான பளியர் ஒருவர் உடன் வந்தால் வழியும் தெரியும், மரத்தின் பெயரும் தெரியும். அவர் பொழுதுக்கு உரிய கூலியைக் கொடுங்கள், குறிப்பில் அவர் சொன்ன பெயரையும் எழுதுங்கள்.

காட்டுமாடு நிற்கும் சோலைக்குள் அன்று போக வேண்டாம். மரம் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

கண்டுபிடித்த மரத்தின் இடத்தை எல்லோருக்கும் சொல்லலாமா?

பூங்கா, சாலையோர மரம் என்றால் தாராளமாக. சோலை மரத்துக்குச் சொல்லாதீர்கள். உலகின் மிக உயரமான மரம் என்று பேர்பெற்ற கலிபோர்னியாவின் ஹைபீரியன், 116 மீட்டர் உயர ரெட்வுட், 2006-இல் கண்டறியப்பட்டது. இடத்தை ரகசியமாக வைத்தும் கூட்டம் போய் மிதித்து, அடியில் இருந்த பெரணி எல்லாம் அழிந்தது. 2022-இல் அந்தப் பகுதியையே மூடி, மீறினால் 5,000 டாலர் அபராதம், ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார்கள். நம் சோலை மண் அதைவிட மெத்தென்றிருக்கும், நாலு பேர் சுற்றி நின்றாலே இறுகும். ஊரின் பெயர், கடல்மட்ட உயரம் இவற்றோடு நிறுத்துங்கள். துல்லியமான இடம் உங்கள் நோட்டிலும் வனத்துறையிடமும் இருக்கட்டும். ஆணி அடித்துப் பலகை மாட்டவே மாட்டாதீர்கள்.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

இனம், அந்த ஊரில் வழங்கும் பெயர், தேதி, சுற்றளவு, எடுத்த உயரம், எந்தப் பக்கத்துத் தரையிலிருந்து, பாசிக்கு மேலா கீழா, உயரம், என்ன முறை, கிளைப்பரப்பு இரண்டு திசையில், கூடு விழுந்திருக்கிறதா, அளந்தவர் பெயர். டேப் சுற்றியிருக்கும்போதே, ஓர் ஆள் பக்கத்தில் நிற்க ஒரு படம். ஐந்து வருஷம் கழித்து வருபவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அதே இடத்தில் டேப்பை வைப்பார். சோலை மரம் அதற்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் பருத்திருக்கும், டேப் ஒரு விரல் இறங்கினாலே அந்தக் கணக்கு அழிந்துவிடும்.

விழுந்த மரத்தை அளப்பதில் பயன் உண்டா?

மிகுந்த பயன் உண்டு. 2018 கஜா புயலில் பழனி மலையிலும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் நீலகிரியிலும் மரங்கள் சாய்ந்தன. சாலையை மறித்தவற்றை உடனே அறுத்து ஒதுக்கிவிடுவார்கள், அதனால் சீக்கிரம் போக வேண்டும். அந்நிய மரங்களை அகற்றும் வேலை நடக்கும் இடத்திலும் இதே வாய்ப்பு. கற்பூர மரம், சீகை மரம் (வாட்டில்) போய்ச் சோலையும் புல்லும் திரும்புவது நல்லதுதான். அதற்காக ஒரு பெருமரத்தை அளக்காமல் அனுப்ப வேண்டியதில்லை.

நிற்கும்போது நீங்கள் எடுத்த உயரம் உங்களிடம் இருந்தால், கிடக்கும் நீளத்தை டேப்பில் அளந்து ஒப்பிடுங்கள். உடைந்து சிதறிய நுனியைத் தேடிச் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம். அறுத்த முகத்தில் வளையம் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மையத்திலிருந்து பட்டை வரை விட்டுவிடாமல் படம் எடுங்கள். கூடு இருந்தால் அதன் அகலத்தையும் எழுதுங்கள். எண்ணுவதை வீட்டில் வந்து நிதானமாகச் செய்யலாம், இரண்டு பேர் தனித்தனியே எண்ணினால் நல்லது.